‘பேர்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருளும் தோற்றமும்: குஞ்சுப்பெயர் இனப்பெயரான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பறவை இனம் முழுவதையும் குறிக்க இன்றைய ஆங்கிலத்தில் வழங்கும் ‘பேர்ட்’ என்னும் சொல், பழைய ஆங்கிலத்தில் பறவைக் குஞ்சை மட்டுமே குறித்தது. அன்று இனப்பொதுப்பெயராக நின்ற ‘ஃபவுல்’ என்னும் சொல்லோ இன்று பெரும்பாலும் கோழி முதலிய வளர்ப்புப் பறவைகளையும் சில வேட்டைப் பறவைகளையும் குறிக்கும் அளவிற்குச் சுருங்கிவிட்டது. இவ்விரு சொற்களும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளில் தம் இடத்தை மாற்றிக்கொண்ட முறையை இக்கட்டுரை ஆராய்கிறது. சொல்வடிவ மாற்றம், வேர் பற்றிய கருத்துகள், பொருள் விரிவின் படிநிலைகள், விவிலிய மொழிபெயர்ப்புகள் தரும் சான்றுகள் ஆகியவை விளக்கப்படுகின்றன. தொல்காப்பிய மரபியல் கூறும் இளமைப்பெயர்களோடு இவ்வரலாறு ஒப்பிடப்படுகிறது. ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிச் சொற்பிறப்புக் காண்பதன் இடர்ப்பாடும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: சொற்பிறப்பியல், பொருள் விரிவு, பொருட்சுருக்கம், ஒலியிடமாற்றம், இளமைப்பெயர், மரபியல்.

முன்னுரை

ஒரு மொழியில் மிகுதியாக வழங்கும் எளிய சொற்களே பல நேரங்களில் சொற்பிறப்பியலாருக்குப் பெருஞ்சிக்கலாக அமைகின்றன. அருஞ்சொல் ஒன்று எந்த நூல் வழியாக, எந்தக் காலத்தில், எந்த மொழியிலிருந்து வந்தது என்பதை ஓரளவு தெளிவாகக் கூறிவிடலாம். குழந்தை முதன்முதலில் கற்கும் சொற்களுள் ஒன்று எங்கிருந்து வந்தது என்னும் வினாவிற்கு அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. ‘பேர்ட்’ அத்தகைய சொற்களுள் ஒன்றாகும்.

ஆங்கிலம் செருமானியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அக்குடும்பத்தின் பிற மொழிகளில் பறவையைக் குறிக்கும் சொற்கள் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. செருமன், டச்சு ஆகிய இரண்டிலும் ‘ஃபோகல்’, சுவீடிய மொழியில் ‘ஃபோகெல்’, டேனிய, நார்வேசிய, ஐசுலாந்திய மொழிகளில் ‘ஃபுகல்’ என்னும் வடிவங்கள் காணப்படுகின்றன. எழுத்துச் சான்றால் இவற்றினும் மூத்த கோத்திய மொழியிலும் ‘ஃபுகல்ஸ்’ என்னும் வடிவமே உள்ளது. ஆங்கிலம் மட்டுமே இவ்வரிசையிலிருந்து விலகி நிற்கிறது. இவ்விலகல் எப்போது, எவ்வாறு நிகழ்ந்தது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருளாகும். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அணுக்கமாகவே குறிக்க இயலும் என்பதால், இங்குத் தரப்படும் வடிவங்களை ஒலியின் தோராயக் குறிப்புகளாகவே கொள்ள வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இரு சொற்கள்

11ஆம் நூற்றாண்டு வரையிலான பழைய ஆங்கிலத்தில் பறவைக்குரிய பொதுப்பெயர் ‘ஃபுகொல்’ என்பதாகும். பருந்தும் அன்னமும் காக்கையும் குருவியும் இப்பெயருக்குள் அடங்கின. ‘பெயோவுல்ஃப்’ என்னும் பழைய ஆங்கிலக் காப்பியத்தில், காற்றால் உந்தப்பட்டுக் கடல்மேல் விரையும் மரக்கலத்திற்குப் பறவை உவமையாகிறது. அங்கு ஆளப்பட்ட சொல் ‘ஃபுகொல்’ என்பதே. புள்வேட்டுவனைக் குறிக்கும் தொழிற்பெயரும் அதன் அடியாகவே அமைந்தது.

இதே காலத்தில் ‘பிரிட்’ என்னும் மற்றொரு சொல்லும் வழங்கியது. அதன் பொருள் கூட்டிலுள்ள குஞ்சு என்பதாகும். இவ்விரு சொற்களின் பொருள் எல்லையையும் 10ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சார்ந்த மேற்குச் சாக்சானிய நற்செய்தி மொழிபெயர்ப்பு தெளிவாகக் காட்டுகிறது. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரத்தில், விதைக்காமலும் அறுக்காமலும் வாழும் வானத்துப் பறவைகள் பேசப்படுகின்றன. அங்கு ‘ஃபுகொல்’ என்பதன் பன்மை வருகிறது. லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தில், காணிக்கையாகச் செலுத்த வேண்டிய இரண்டு புறாக்குஞ்சுகள் பேசப்படுகின்றன. அங்கு ‘பிரிட்’ என்பதன் பன்மை வருகிறது. ஒரே மொழிபெயர்ப்பில் ஒன்று இனத்திற்கும் மற்றொன்று இளமைக்கும் உரியவையாகப் பிரிந்து நிற்பதை இதனால் அறியலாம். இன்றைய ஆங்கில வழக்கு இப்பாகுபாட்டிற்கு நேர்மாறானது என்றே கூறலாம்.

சொல்வடிவ மாற்றம்

‘பிரிட்’ என்பது ‘பேர்ட்’ ஆனது ஒலியிடமாற்றத்தால் நிகழ்ந்தது. பழைய வடிவில் ரகர ஒலி உயிருக்கு முன் நின்றது. புதிய வடிவில் அது உயிருக்குப் பின் நகர்ந்தது. ‘சிவிறி’ என்பது ‘விசிறி’ எனவும், ‘தசை’ என்பது ‘சதை’ எனவும், ‘ஞிமிறு’ என்பது ‘மிஞிறு’ எனவும் வழங்குவதைத் தமிழ் இலக்கணம் இலக்கணப்போலி என்னும் தலைப்பில் விளக்கும். ஆங்கிலத்தில் ரகர ஒலி இத்தகைய இடமாற்றத்திற்கு மிகுதியும் உட்பட்டுள்ளது.

‘மூன்றாம்’ என்னும் பொருளுடைய ‘தேர்ட்’ இதற்கு நெருங்கிய இணை. பழைய ஆங்கிலத்தில் அது ‘த்ரிட்டா’ என ரகரம் முன்னிற்க ஒலித்தது. அதன் உறவுச் சொல்லாகிய செருமன் ‘டிரிட்டெ’ பழைய ஒழுங்கை இன்றும் காத்து நிற்கிறது. ‘ஒளிமிக்க’ என்னும் பொருளுடைய ‘பிரைட்’ என்பதில் மாற்றம் எதிர்த்திசையில் நிகழ்ந்தது. அங்கு உயிருக்குப் பின் நின்ற ரகரம் முன்னே நகர்ந்தது.

‘பேர்ட்’ வடிவம் வடபகுதியாகிய நார்தம்பிரியக் கிளைவழக்கில் பழைய ஆங்கிலக் காலத்திலேயே தோன்றிவிட்டது. தென்பகுதி எழுத்து வழக்கில் ‘பிரிட்’ என்பதே நெடுங்காலம் நிலைத்தது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய சாசரிடமும் ரகரம் முன்னிற்கும் வடிவமே காணப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் ரகரம் பின்னிற்கும் வடிவம் பொதுவழக்கில் நிலைபெற்றது.

‘ஃபுகொல்’ என்பதன் வடிவ மாற்றம் வேறு வகையானது. உயிர்களுக்கு இடையே நின்ற ககரத்தின் மெல்லொலி தளர்ந்து வகரமாகி, முன்னின்ற உயிரோடு கலந்தது. இவ்வாறே ‘ஃபவுல்’ உருவானது. வில்லைக் குறிக்கும் பழைய ‘பொகா’ இன்றைய ‘போ’ ஆனதும் இதே நெறிப்படியாகும்.

வேர் பற்றிய சிக்கல்

‘பேர்ட்’ என்பதற்கு உறுதியான உறவுச்சொல் வேறு எந்தச் செருமானிய மொழியிலும் கிடைக்கவில்லை. ஆகவே அதன் வேர் அறியப்படாதது என்பதே அகராதியியலாரின் பொதுவான முடிவு.

அடைகாத்தலோடும் குஞ்சு பொரித்தலோடும் தொடர்புடைய ‘புரூட்’, ‘பிரீட்’ என்னும் சொற்களோடு இதனை இணைக்கும் கருத்து நெடுங்காலமாக உண்டு. பொருள் நோக்கில் இது மிகவும் பொருத்தமாகத் தோன்றும். அடைகாத்துப் பொரிக்கப்பட்டது குஞ்சு. ஆகவே குஞ்சின் பெயர் அவ்வேரிலிருந்து வந்தது என்பது இயல்பான எண்ணமே. எனினும் ஆக்சுபோர்டு ஆங்கில அகராதி இத்தொடர்பை ஏற்கவில்லை. அதற்கு ஒலியியல் அடிப்படை உண்டு. ‘புரூட்’ என்பதன் பழைய வடிவில் நெடில் ஓகாரம் நின்றது. அடுத்த அசையின் தாக்கத்தால் அது திரிந்தால் நெடில் ஏகாரம் ஆகும் என்பது பழைய ஆங்கில ஒலிநெறி. ‘பிரீட்’ என்பதன் பழைய வடிவில் அந்த ஏகாரத்தைக் காணலாம். ‘பிரிட்’ என்பதிலோ குறில் இகரமும் இரட்டித்த மெய்யும் உள்ளன. ஓகாரம் இகரக் குறிலாகத் திரிவதற்கு அந்நெறியில் இடமில்லை.

‘ஃபவுல்’ என்பதற்குப் பரந்த உறவுச்சொற்கள் இருந்தும், அதன் மூலப்பொருளும் முடிவாகத் தெளியப்படவில்லை. பறத்தலைக் குறிக்கும் வேரிலிருந்து ‘ஃப்லுக்’ என்னும் அடி தோன்றியது என்றும், ஒரே சொல்லில் இரண்டு லகரங்கள் வந்தமையால் முதல் லகரம் கெட்டது என்றும் ஒரு விளக்கம் தரப்படுகிறது. இது ஏற்கத்தக்க கருத்தே ஆயினும் உறுதிப்பட்டது அன்று. ஆங்கிலத்தின் பழைய பொதுப்பெயர், புதிய பொதுப்பெயர் ஆகிய இரண்டும் ஐயத்திற்கு இடமின்றி வேர் விளங்கும் சொற்கள் அல்ல என்பது இங்குக் கருதத்தக்கது.

பொருள் விரிவின் படிநிலைகள்

குஞ்சு என்னும் பொருளிலிருந்து பறவை என்னும் பொருளுக்கு இச்சொல் ஒரே நாளில் தாவிவிடவில்லை. இடையே ‘சிறுபறவை’ என்னும் படிநிலை இருந்தது. கூட்டிலுள்ள குஞ்சைக் குறித்த பெயர், உருவத்தால் சிறிய பாடும் பறவைகளுக்கு நீண்டது. இளமையும் சிறுமையும் ஒன்றோடொன்று நெருங்கிய கருத்துகளாதலின் இந்நீட்சி எளிதில் நிகழக்கூடியது. பின்னர் உருவ வேறுபாடும் நீங்கி, அது இனம் முழுவதற்கும் பெயராயிற்று.

14ஆம் நூற்றாண்டில் இம்மாற்றம் நடுவழியில் இருந்தது. பறவைகள் கூடித் தத்தம் துணையைத் தேர்ந்துகொள்ளும் பேரவை பற்றிச் சாசர் பாடிய நூலின் தலைப்பில் ‘ஃபவுல்’ என்பதே இடம்பெற்றது. அப்பேரவையில் ஊன் உண்பவை, நீரில் வாழ்பவை, புழு உண்பவை, விதை உண்பவை எனப் பறவைகள் வகுக்கப்படுகின்றன. நான்கு வகைப் பெயர்களும் ‘ஃபவுல்’ என்பதையே அடியாகக் கொண்டவை. அதே நூலில் மரக்கிளைகளில் அமர்ந்து பாடும் பறவைகளைக் குறிக்கும் இடத்தில் ‘பிரிட்’ வருகிறது. வகைப்பாட்டிற்கும் அவைக்கும் பழைய பொதுப்பெயரும், பாட்டிற்கும் இனிமைக்கும் பழைய குஞ்சுப்பெயரும் ஆளப்பட்டமை கருதத்தக்கது. எனினும் சாசர் இவ்வேறுபாட்டைக் கறாராகப் பின்பற்றவில்லை. சிறுபறவைகளை ‘ஃபவுல்’ எனக் குறிக்கும் இடங்களும் அவர் நூல்களில் உள்ளன.

குஞ்சு என்னும் பழம்பொருளும் உடனே மறைந்துவிடவில்லை. 1590களைச் சேர்ந்த சேக்சுபியரின் நாடகங்களில் அப்பொருள் இன்னும் உயிரோடு இருந்தது. ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் முதற்பகுதியில், பிற பறவையின் கூட்டில் வளர்ந்து அதனையே வருத்தும் குயிலின் குஞ்சு உவமையாகிறது. ‘ஆறாம் ஹென்றி’ மூன்றாம் பகுதியில் கழுகின் குஞ்சு பேசப்படுகிறது. இரண்டு இடங்களிலும் தாய்ப்பறவையின் பெயர் வேற்றுமை உருபேற்று முன்னிற்க, குஞ்சைக் குறிக்க ‘பேர்ட்’ ஆளப்படுகிறது. இன்றைய வாசகர் இத்தொடர்களைப் பொருள் தெரியாமல் கடந்துவிடக்கூடும்.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இவ்வரலாற்றின் பிற்பட்ட நிலை ஒன்றைப் பதிவு செய்கிறது. ‘பேர்ட்’ இறகுடைய இனத்திற்குப் பொதுப்பெயர் என்று கூறும் அவர், பேச்சுவழக்கில் பெரியவற்றிற்கு ‘ஃபவுல்’ என்பதும் சிறியவற்றிற்கு ‘பேர்ட்’ என்பதும் வழங்குவதாகக் குறிக்கிறார். பொதுப்பெயர் மாறிய பின்னரும் இடைப்படிநிலையின் சுவடு 18ஆம் நூற்றாண்டுப் பேச்சில் எஞ்சியிருந்ததை அவர் குறிப்பு காட்டுகிறது. அந்நூற்றாண்டின் இறுதியில் தாமஸ் பியூவிக் பிரித்தானியப் பறவைகள் பற்றிய தம் நூலின் இரு தொகுதிகளை 1797, 1804 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்டார். நிலப்பறவை, நீர்ப்பறவை ஆகிய இரண்டையும் அந்நூல் ‘பேர்ட்’ என்னும் ஒரே பெயரின்கீழ் அடக்கியது.

விவிலிய மொழிபெயர்ப்புகள் காட்டும் போட்டி

ஒரே மூலப்பகுதி பல நூற்றாண்டுகளில் திரும்பத் திரும்ப மொழிபெயர்க்கப்படும்போது, அம்மொழிபெயர்ப்புகள் சொல் வரலாற்றிற்கு நல்ல அளவுகோலாகின்றன. மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் 26ஆம் வசனமும், 8ஆம் அதிகாரம் 20ஆம் வசனமும் இவ்வகையில் ஒப்பிடத்தக்கவை. முன்னது உழைக்காமலே உணவு பெறும் பறவைகளையும், பின்னது கூடுகளையுடைய பறவைகளையும் பேசுகிறது. கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் ஒரே சொல்லே உள்ளது.

14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் வழியினர் செய்த மொழிபெயர்ப்பில் முதல் இடத்தில் ‘ஃபவுல்’, இரண்டாம் இடத்தில் ‘பிரிட்’ காணப்படுகின்றன. 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் பதிப்பிலும் இதே நிலை தொடர்கிறது. கூடு பற்றிய பேச்சு வந்த இடத்தில், ஒருகாலத்தில் கூட்டிலுள்ள குஞ்சின் பெயராக இருந்த சொல் அமைந்தது வெறும் தற்செயலாக இராது. கூட்டோடு அச்சொல்லுக்கு இருந்த பழந்தொடர்பு இத்தேர்வுக்குத் துணை நின்றிருக்கலாம் எனக் கருத இடமுண்டு. 1881இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாட்டில் இரண்டு இடங்களிலும் ‘பேர்ட்’ என்பதே இடம்பெற்றது. ஆயினும் 1885இல் வெளிவந்த அதே திருத்தத்தின் பழைய ஏற்பாட்டுப் பகுதியில், ஆதியாகமத்தின் படைப்பு வரலாறு ‘ஃபவுல்’ என்பதையே தக்கவைத்துக்கொண்டது. சமய மொழியில் பழஞ்சொற்கள் நெடுநாள் வாழும் என்பதற்கு இது சான்றாகும்.

தமிழ் விவிலியத்திலும் இதனை ஒத்த நிலை காணப்படுவது குறிப்பிடத்தக்கது. 19ஆம் நூற்றாண்டில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி அமைத்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பதிப்பில், முதல் இடத்தில் ‘பட்சிகள்’ என்பதும் இரண்டாம் இடத்தில் ‘பறவைகள்’ என்பதும் உள்ளன. ஒரே கிரேக்கச் சொல்லுக்கு வடசொல்லும் தமிழ்ச்சொல்லும் மாறி மாறி நிற்கின்றன. ஒரு பொருளுக்குரிய இரண்டு பொதுப்பெயர்கள் ஒரே காலத்தில் போட்டியிடும்போது, ஒரே நூலின் இருவேறு இடங்களில் அவை இரண்டும் இடம்பெறுவது மொழிகளுக்குப் பொதுவான இயல்பு எனலாம்.

‘ஃபவுல்’ சுருங்கிய விதம்

ஒரு சொல் விரிந்ததை மட்டும் கூறினால் இவ்வரலாறு நிறைவுறாது. மற்றொரு சொல் சுருங்கியதும் உடன் கூறப்பட வேண்டும். ‘ஃபவுல்’ வேட்டைக்களத்திலும் பண்ணையிலும் சமையற்கட்டிலும் தன் இடத்தை உறுதிப்படுத்திக்கொண்டது. உணவிற்காகப் பிடிக்கப்படும் அல்லது வளர்க்கப்படும் பறவை என்னும் பொருள் வலுப்பெற வலுப்பெற, பாடும் சிறுபறவைகளுக்கு அப்பெயர் பொருந்தாததாயிற்று. இறுதியில் அது பெரும்பாலும் கோழியின் பெயராக நின்றது.

பழைய பொதுப்பொருள் கூட்டுச்சொற்களில் மட்டும் எஞ்சியுள்ளது. நீர்ப்பறவை, மயில், காட்டுக்கோழி, கினிக்கோழி ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர்களில் ‘ஃபவுல்’ இன்றும் இறுதி உறுப்பாக நிற்கிறது. சென்னை மாகாணத்தில் பணியாற்றித் தமிழ்ப் பறவைப்பெயர்களையும் பதிவு செய்த டி. சி. ஜெர்டன் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூலில் இப்பங்கீட்டைத் தெளிவாகக் காணலாம். நூலின் தலைப்பில் ‘பேர்ட்’ உள்ளது. உள்ளே காட்டுக்கோழி போன்ற இனங்களின் பெயர்களில் ‘ஃபவுல்’ உள்ளது.

பொதுப்பெயர் சிறப்புப்பெயராகச் சுருங்குவது ஆங்கிலத்தில் அரிதன்று. மானைக் குறிக்கும் ‘டியர்’ பழைய ஆங்கிலத்தில் விலங்கு என்னும் பொதுப்பொருளுடையது. அதன் உறவுச்சொல்லாகிய செருமன் ‘டியர்’ இன்றும் விலங்கையே குறிக்கிறது. நாயின் பொதுப்பெயராக இருந்த ‘ஹவுண்ட்’ வேட்டைநாயின் பெயராகச் சுருங்க, வேர் தெரியாத ‘டாக்’ பொதுப்பெயராயிற்று. தமிழில் உலோகப் பொதுப்பெயராக வழங்கிய ‘பொன்’ தங்கத்திற்கே உரியதாக நின்றதும் இவ்வகையினதே.

செருமன் மொழியில் இச்சுருக்கம் நிகழவில்லை. அங்கு உணவுக்குரிய வளர்ப்புப் பறவைகளைக் குறிக்கக் ‘கெஃப்லூகல்’ என்னும் தனிச்சொல் அமைந்தது. ஆகவே ‘ஃபோகல்’ தன் பொதுப்பொருளைக் காத்துக்கொண்டது. ஒரே மூலத்தில் பிறந்த இரண்டு சொற்கள் இருவேறு மொழிகளில் இருவேறு நிலையை அடைந்தமைக்கு, அவற்றைச் சூழ்ந்திருந்த பிற சொற்களின் அமைப்பும் காரணமாகலாம்.

இளமைப்பெயர் இனப்பெயராதல்: பிற சான்றுகள்

‘பேர்ட்’ அடைந்த மாற்றத்தைத் தனி நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. இளமைப்பெயர் இனப்பெயராக உயர்ந்தமைக்கு ஆங்கிலத்தில் வேறு சான்றுகளும் உள்ளன.

பன்றிக்குரிய பழைய பொதுப்பெயர் ‘சுவைன்’ என்பதாகும். ‘பிக்’ என்பது முதலில் பன்றிக்குட்டியையே குறித்தது. இன்று ‘பிக்’ பொதுப்பெயர். ‘சுவைன்’ ஏட்டு வழக்கிலும் வசைமொழியிலும் ஒதுங்கிவிட்டது. முயல் போன்ற குழிமுயலுக்கு ‘கோனி’ என்னும் பெயர் வழங்கிய காலத்தில், ‘ராபிட்’ அதன் குட்டியின் பெயராக இருந்தது. இன்று ‘ராபிட்’ பொதுப்பெயர்; ‘கோனி’ பெரும்பாலும் வழக்கிழந்துவிட்டது. ‘சிக்கன்’ என்பதும் பழைய ஆங்கிலத்தில் கோழிக்குஞ்சைக் குறித்த சொல்லே. இன்று அது கோழிக்கும் கோழி இறைச்சிக்கும் பெயராகியுள்ளது.

பன்றி, குழிமுயல், கோழி ஆகிய மூன்றும் இளமையில் உண்பதற்கு விரும்பப்பட்டவை. சந்தையிலும் அடுக்களையிலும் மிகுதியாக எடுத்தாளப்பட்டது இளம் உயிரின் பெயரே ஆதலால், அதுவே இனத்திற்கும் ஆகியிருக்கலாம். ‘பேர்ட்’ அடைந்த மாற்றத்திற்கு இவ்விளக்கம் முழுமையாகப் பொருந்தாது. உணவுப்பறவையின் பெயர் ‘ஃபவுல்’ என்றே நின்றதால், அங்கு உருவச்சிறுமையும் அன்புக்குறிப்பும் முதன்மை பெற்றன எனக் கொள்வதே பொருத்தம். விளைவு ஒன்றாயினும் காரணங்கள் வேறுபடக்கூடும்.

‘பேர்ட்’ மேலே உயர்ந்தபோது குஞ்சிற்குரிய இடம் வெறுமையாகவில்லை. ‘சிக்கன்’ என்பதன் குறுக்கமாகிய ‘சிக்’, கூடு என்னும் சொல்லடியாகப் பிறந்த ‘நெசுலிங்’ ஆகியவை அவ்விடத்தை நிரப்பின. இவ்விரண்டும் இடைக்கால ஆங்கிலத்திலேயே தோன்றியவை.

தமிழ் இளமைப்பெயர்களோடு ஓர் ஒப்பீடு

இளமைப்பெயர்களை இலக்கணம் தனியே வகுத்துக் கூறியிருப்பது தமிழின் சிறப்பு. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பதையும் இளமைப்பெயர்களாகத் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் பார்ப்பும் பிள்ளையும் பறப்பனவற்றிற்கு உரியவை. தவழ்வனவற்றிற்கும் அவை பொருந்தும் என்பது அவ்வியலின் கருத்து. ஐங்குறுநூற்றில் ஆமையின் இளமைக்குப் ‘பார்ப்பு’ வந்துள்ளது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘பிரிட்’ பறவை அல்லாத பிற உயிர்களின் குட்டிகளுக்கும் சிறுபான்மை வழங்கியதோடு இதனை ஒப்பிடலாம்.

பழந்தமிழில் ‘புள்’, ‘பறவை’ ஆகிய இரண்டும் பொதுப்பெயர்களாக வழங்கின. ‘புள்’ நிமித்தம் என்னும் பொருளையும் பெற்றது. காலப்போக்கில் பேச்சுவழக்கினின்று நீங்கிச் செய்யுளிலும் ‘புள்ளினம்’ போன்ற தொடர்களிலும் தங்கியது. ‘பற’ என்னும் வினையடியாகப் பிறந்த ‘பறவை’ நிலைத்தது. குஞ்சுக்குரிய ‘பார்ப்பு’ வழக்கிழக்கக் ‘குஞ்சு’ அவ்விடத்தைப் பெற்றது. தமிழிலும் பொதுப்பெயர், இளமைப்பெயர் ஆகிய இரண்டு இடங்களிலும் மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஆயினும் ஓரிடத்துச் சொல் மற்றோரிடத்திற்கு ஏறவில்லை. பழைய பொதுப்பெயரின் இடத்தை வேர் விளங்கும் வினையடிப் பெயரே ஏற்றது.

எனினும் இளமைப்பெயர் இனத்தைக் குறிக்கும் போக்கு தமிழுக்கு முற்றிலும் புறம்பானது அன்று. ‘கிளிப்பிள்ளை’, ‘அணிற்பிள்ளை’, ‘கீரிப்பிள்ளை’ என்னும் வழக்குகளில் ‘பிள்ளை’ குஞ்சையோ குட்டியையோ குறிப்பதில்லை. வளர்ந்த கிளியும் கீரியும் அவ்வாறே அழைக்கப்படுகின்றன. ஓரறிவுயிர்க்கும் ‘பிள்ளை’ என்னும் பெயர் பொருந்தும் என மரபியல் கூறுகிறது. ‘தென்னம்பிள்ளை’ என்னும் வழக்கை அதனோடு இணைத்து எண்ணலாம். அன்பும் சிறுமையும் பற்றி இளமைப்பெயர் தன் பொருளை இழந்து இனப்பெயரோடு ஒட்டிக்கொண்ட நிலை இது. ஆங்கிலத்தில் இளமைப்பெயர் பழைய இனப்பெயரை அகற்றி அதன் இடத்தைக் கைக்கொண்டது. தமிழில் இனப்பெயருக்குப் பின் ஒட்டாக நின்று அடங்கியது. இரண்டிற்கும் உந்துதல் ஒன்றே எனினும், சென்று சேர்ந்த இடம் வேறு.

ஒலி ஒப்புமையும் சொல் வரலாறும்

‘பேர்ட்’ என்பதையும் ‘பறவை’ அல்லது ‘பற’ என்பதையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு இரண்டும் உறவுடையவை எனத் தோன்றக்கூடும். இதழ் ஒலியில் தொடங்குதல், அடுத்து ரகர இனம் நிற்றல், பொருள் ஒன்றாதல் என மூன்று ஒப்புமைகள் உள்ளன. வரலாற்றை நோக்கும்போது மூன்றுமே வலுவிழக்கின்றன.

முதலாவதாக, இன்றைய வடிவத்தில் உயிருக்குப் பின் ரகரம் நிற்பது பிற்கால ஒலியிடமாற்றத்தின் விளைவு. ஒப்பிட வேண்டிய வடிவம் ‘பிரிட்’ என்பதே. இரண்டாவதாக, பறவை என்னும் பொருள் இடைக்காலத்தில் விரிந்து வந்தது. தொடக்கத்தில் இச்சொல் பறக்க இயலாத கூட்டுக்குஞ்சைக் குறித்தது. பறத்தல் என்னும் வினைக்கும் அதற்கும் பொருள் தொடர்பு இல்லை. மூன்றாவதாக, தமிழுக்கும் ஆங்கிலத்திற்கும் நேரடித் தொடர்பு தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அச்சொல் ஆங்கில ஏடுகளில் இடம்பெற்றுவிட்டது.

தமிழிலிருந்து ஆங்கிலம் உண்மையாகவே கடன்பெற்ற சொல்லின் வரலாறு வேறு வகையில் அமைகிறது. ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கட்டமரன்’ ஆனதற்கு, 1697இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் சான்று தருகிறது. அங்குச் சொல்லின் பொருள் தெளிவு. அது குறிக்கும் கலம் கண்ணால் காணப்பட்டது. தொடர்பு நிகழ்ந்த கடற்கரையும் காலமும் அறியப்பட்டவை. தமிழின் தொன்மையையும் பரவலையும் நிறுவ விரும்பும் ஆய்வு, இத்தகைய உறுதியான சான்றுகளோடு வெறும் ஒலி ஒப்புமைகளையும் கலந்து வைக்குமானால், பின்னவற்றின் ஐயம் முன்னவற்றையும் பற்றும். ‘பிரீட்’ என்பதோடு ‘பேர்ட்’ என்பதை இணைக்கும் கருத்து ஒரே மொழிக்குள் எழுந்ததாயினும், ஒலிநெறிக்கு மாறானமையால் விலக்கப்பட்டது. அதே அளவுகோலைப் பிறமொழி ஒப்பீட்டிலும் பயன்படுத்துவதே முறையாகும்.

முடிவுரை

‘பேர்ட்’ பழைய ஆங்கிலத்தில் குஞ்சின் பெயர். இடைக்காலத்தில் அது சிறுபறவைக்கு நீண்டு, பின்னர் இனம் முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. அதன் இன்றைய வடிவம் ஒலியிடமாற்றத்தால் அமைந்தது. அதன் வேர் அறியப்படவில்லை; பிற செருமானிய மொழிகளில் உறுதியான உறவுச்சொல்லும் இல்லை. அது விரிந்தபோது ‘ஃபவுல்’ சுருங்கியது. வெறுமையான குஞ்சின் இடத்தைச் ‘சிக்’, ‘நெசுலிங்’ ஆகிய சொற்கள் நிரப்பின. ஒரு சொல்லின் பொருள் மாற்றத்தை அதனைச் சூழ்ந்த சொற்களோடு சேர்த்தே நோக்க வேண்டும் என்பதை இது உணர்த்துகிறது.

தமிழில் புள், பறவை, பார்ப்பு, குஞ்சு, பிள்ளை ஆகிய சொற்களின் வரலாற்றையும் இவ்வாறு ஒருங்கே வைத்து ஆராயலாம். சங்க இலக்கியம் தொடங்கி நிகண்டுகள், உரைகள், கல்வெட்டுகள், வட்டார வழக்குகள் வரை ஒவ்வொரு காலத்திலும் எச்சொல் எப்பொருளில் நின்றது என்பதை நிரல்படத் தொகுத்தால், தமிழ் இளமைப்பெயர்களின் முழு வரலாறு புலப்படும். மரபியல் அவ்வாய்வுக்கு உறுதியான தொடக்கப்புள்ளியாக அமையும்.